மான் மேய்ந்த வளவு

அத்தியாயம் ஐந்து

"அக்கா, இந்தப் படத்தில நிக்கிற மானில எது குற்றவாளி எண்டு மட்டும் காட்டுங்கோ. இப்பவே பிடிச்சு ஓட்டோவில ஏத்திறன்," என்றான் திலக்சன்.

நஸ்ரின் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குகிறார் என்பது மட்டும் மூக்கு நுனியில் தெரிந்தது. காப்புறுதிக் கம்பனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், அந்த வேலையை உதறிவிட்டுத் திருகோணமலை நகரத்தில் 'துப்பறியும் சேவை' என்று பலகை மாட்டியவர் அவர். திலக்சன் அவருடைய ஓட்டோக்காரன், உதவியாளன், தேநீர் வாங்கி வருகிறவன், கேட்காமலே அபிப்பிராயம் சொல்கிறவன். கடைசி வேலைக்கு மட்டும் சம்பளம் கிடையாது.

இருவரும் நின்றது உட்துறைமுக வீதியோரம், பாக்கியரத்தினத்தின் வளவுக்குள். வளவா அது! காலையிலேயே காது கிழிந்தது. தள்ளுவண்டில், படங்குக் கூரை, கருவாட்டு மணம், சாம்பல்தீவுக் கத்தரிக்காய், தம்புள்ளையிலிருந்து லொறியில் வந்து இறங்கிய மரக்கறி மூட்டை, விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்களுக்குப் பின்னால் பறந்து வரும் வசவு. இந்த இரைச்சலுக்கு நடுவில் நின்றுகொண்டு நஸ்ரின் கையிலிருந்த அறிக்கையை வாய்விட்டு வாசித்தார்.

"'வர்த்தகப் பயன்பாடு எதுவுமற்ற பற்றைக் காணி. மான்கள் உயரமான புல்லை மேய்கின்றன.'"

"எந்தப் புல்லு அக்கா? இஞ்ச கால் வைக்கவே இடமில்லை. அந்த மதிப்பீட்டு அதிகாரி கனவு கண்டு எழுதியிருக்கிறார்."

"கனவைப் படம் பிடிக்க ஏலாது தம்பி. படம் இருக்கே."

அதுதான் சிக்கல். படம் இருந்தது. இறங்குதுறைக்குப் போகும் வீதியை அகலமாக்க அரசாங்கம் இந்த வளவை எடுக்கிறது. வீதி வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. விலைதான் வழக்கு. பற்றைக் காணிக்குரிய நட்டஈட்டைக் கொண்டுபோனால் காட்டோரத்தில் இன்னொரு பற்றைக் காணிதான் வாங்கலாம், அங்கே மானுக்குத்தான் மரக்கறி விற்க வேண்டும். வர்த்தகக் காணியின் விலை கிடைத்தால் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் வெற்றுக் காணியை வாங்கி இந்தச் சனம் முழுவதையும் அப்படியே கொண்டுபோய் இருத்தலாம். மதிப்பீட்டை எதிர்த்துப் பாக்கியரத்தினம் போட்ட வழக்கு இன்று பிற்பகல் விசாரணைக்கு வருகிறது. அவருடைய சட்டத்தரணி சசிகரன் கடைசி நேரத்தில் நஸ்ரினைப் பிடித்தது ஒரேயொரு கேள்விக்கு விடை தேடித்தான். ஒரு நாளும் ஓயாத இந்தச் சந்தை, அதிகாரி வந்த அன்று மட்டும் எங்கே போனது?

கையிலிருந்தது கறுப்பு வெள்ளைப் பிரதி. வெறிச்சோடிய நிலம். நிலத்தின் நடுவே அரைவட்டமாக, இந்த ஊர் வீதிகளில் திரிகிற மான்கள், ஒன்றின் வாயில் நீளமான புல். ஓரத்தில் ஒரு கதிரை, அதன்மேல் வெள்ளைத் துணி. வேறு ஒரு குருவிகூட இல்லை.

"எல்லாம் அந்த அர்ஷாக்கின்ர வேலை!" என்று மூச்சிரைக்க வந்தார் வளவுக்காரர் பாக்கியரத்தினம். அறுபது வயது, நெற்றியில் திருநீறு, வெளுத்த வேட்டி. கதைத்துக்கொண்டே குனிந்து கீழே கிடந்த கோவா இலையைப் பொறுக்கி ஓரமாகப் போட்டார். "எதிர்ப்பக்க ஐஸ் பக்டரிக்காரன். எல்லையில தண்ணிக் கான் வெட்டின நாளில இருந்து எனக்கும் அவனுக்கும் கதை பேச்சில்லை. அவன்தான் என்ர சனத்தை ஏதோ சொல்லி எழுப்பியிருக்கிறான்."

"அதிகாரி வரேக்குள்ள நீங்கள் எங்க ஐயா?" என்று கேட்டார் நஸ்ரின்.

"அந்த மனிசன் வந்த நேரம் நான் வளவில இல்லை. சத்தியமா இல்லை." அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லாமல் கத்தரிக்காய்க் குவியலைப் பார்த்துச் சொன்னார்.

மரக்கறி விற்கும் பரீனா இதைக் கேட்டுக்கொண்டே கரட் தலையை அரிந்தாள். கிண்ணியாவிலிருந்து விடியவே வந்து கடை விரிக்கிறவள். திலக்சன் அவளிடம் மெல்லப் போனான்.

"ராத்தா, அண்டைக்கு உங்களை எழுப்பினது ஆர்?"

"எனக்கு ஒண்டும் தெரியாது தம்பி," என்றாள் பரீனா, பாக்கியரத்தினத்தை ஓரக்கண்ணால் பார்த்து. "எழும்புங்க எண்டாங்க, எழும்பினோம். கேஸ் தோத்தா எங்கள எங்க எழுப்புவாங்க எண்டுதான் எனக்குத் தெரியணும். இந்த வயசில நான் தலையில வச்சுக்கொண்டு ஊர் ஊராத் திரிய ஏலாது."

அவள் அழவில்லை. அடுத்த கரட்டை எடுத்தாள். நஸ்ரின் ஏற்கெனவே வீதியைக் கடந்துகொண்டிருந்தார்.

ஐஸ் பக்டரி வாசலில் அர்ஷாக் நின்றார். ஆள் பெரிது, குரல் அதைவிடப் பெரிது.

"காலி பண்ணினதா? நான் காலி பண்ணினதா?" என்று ஐஸ் கட்டியே உருகும்படி கத்தினார். "தங்கச்சி, அந்தச் சந்தை முழுக்க அண்டைக்கு என்ட நெஞ்சுக்கு மேல இருந்திச்சு! வண்டில், தராசு, மூட்டை எல்லாம் என்ட வளவுக்குள்ள. ஐஸ் லொறி உள்ளுக்கு வர ஏலல. பூசணிக்காய் மேல ஏறித்தான் நான் என்ட கந்தோருக்கே போனன்."

"ஆர் கொண்டுவந்து வச்சது?"

"வேற ஆரு? அவர்தான்! காலங்காத்தால பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து என்ட கையப் பிடிச்சாரு. 'அர்ஷாக், பார்க்க வருகினம், ஒரு நாளைக்கு என்ர மானத்தைக் காப்பாத்து' எண்டாரு."

"ஆரைப் பார்க்க?"

"கடைசி மகளத்தானே! அப்பிடித்தான் நான் நினைச்சன். சண்டை சண்டைதான், ஆனா நல்ல காரியத்துக்கு வந்து கேட்டா இல்லையெண்டு சொல்ல ஏலுமா? சோடாவும் ஒரு பெட்டி குளிரவச்சுக் குடுத்தன்."

திலக்சன் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். பிடிக்காவிட்டால் சிரித்து விழுந்திருப்பான்.

"மாப்பிள்ளை பகுதி வந்ததோ நானா?"

"ஒரு வெள்ளை ஜீப் வந்திச்சு. அதுக்குள்ள இருந்து ஒரே ஒரு ஆள், கழுத்தில கமரா. வெயில் தாங்க ஏலாம என்ட கேற்றடிக்கு வந்து தண்ணி கேட்டாரு. உள்ளுக்குக் கூப்பிட ஏலாது, உள்ளுக்குப் பூசணிக்காய். கேற்றுல வச்சே நாலு விசயம் விசாரிச்சன். நுவரெலியா ஆளாம். வாப்பா மரக்கறித் தோட்டமாம். அரசாங்க உத்தியோகமாம். வயசு கொஞ்சம் கூடத்தான், எண்டாலும் குடும்பம் நல்லம் எண்டு பாக்கியரத்தினத்த நினைச்சுச் சந்தோசப்பட்டன்."

"பிறகு கலியாணம் என்னாச்சு எண்டு கேட்கேல்லையோ?"

"கேட்கலாமா தம்பி? சரிவராட்டி அவருக்கு வெட்கமில்லையா?"

நஸ்ரின் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. ஓட்டோவில் ஏறியதும் முகத்தைத் தோள்பையால் மறைத்துக்கொண்டார். பை குலுங்கிக் குலுங்கி ஆடியது. சந்தி தாண்டும்வரை சிரித்து முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேஸ் போச்சு தம்பி," என்றார்.

திலக்சனுக்குச் சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றது. ஓம், உண்மைதான். சந்தையை ஒளித்தது எதிரி இல்லை, வளவுக்காரரே. அதிகாரி கண்ணால் கண்டதைத்தான் எழுதியிருக்கிறார்.

நீதிமன்ற விறாந்தையில் வைத்துப் பாக்கியரத்தினத்தை மடக்கினார்கள். நஸ்ரின் படத்தை நீட்டி வெள்ளைத் துணி விரித்த கதிரையில் விரலை வைத்தார். "ஐயா, பற்றைக் காணியில மானுக்கு ஆர் வெள்ளை விரிச்சுக் கதிரை போட்டது?"

பெரியவரின் முகம் சுருங்கியது. பிறகு கொட்டத் தொடங்கினார்.

"கடைசிக்கு மூத்த மூண்டு பொம்பிளைப் பிள்ளையளைக் கட்டிக் குடுத்தனான் தங்கச்சி. பார்க்க வாற அண்டைக்கு வீட்டில ஒரு சத்தம் இருக்கக் கூடாது. உடைஞ்ச சாமான், அழுக்குச் சாமான் எல்லாத்தையும் பக்கத்து வீட்டில கொண்டுபோய் ஒளிச்சுப்போடுவன். கூட்டி, தண்ணி தெளிச்சு, நல்ல கதிரையில வெள்ளை விரிச்சுவிடுவன். மூண்டும் முதல் தரத்திலயே சரிவந்தது. காணி பார்க்க வருகினம் எண்டு சொன்ன உடன எனக்குத் தெரிஞ்சது அதுதான். கருவாட்டு நாத்தத்தையும் கத்திறதுகளையும் கண்டால் விலையைக் குறைச்சுப்போடுவினம் எண்டு நினைச்சிட்டன்."

"அப்ப அவர் வந்த நேரம் நீங்கள் வளவில இல்லை எண்டது?"

"அது மெய்தானே! சுடச்சுட வடை குடுக்கோணும் எண்டு கடைக்கு ஓடினனான். வந்து பார்த்தால் ஜீப்பைக் காணேல்லை. வடைதான் மிச்சம்." அதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு அவருடைய வாய் கோணியது. "மெய்யைச் சொல்ல வெட்கமாக் கிடந்தது. அர்ஷாக்கின்ர தலையில போட்டன். அந்தச் சனத்தின்ர சோத்தில நானே மண்ணை அள்ளிப் போட்டிட்டன், தங்கச்சி. அதுகளின்ர முகத்தில இனி நான் எப்பிடி முழிக்கிறது?"

சட்டத்தரணி சசிகரன் கறுப்புக் கோட்டோடு மர வாங்கில் தொப்பென்று இருந்தார். "நல்ல ஆளைத்தான் துப்பறியக் கூப்பிட்டிருக்கிறன். என்ர கட்சிக்காரருக்கு எதிரான சாட்சியத்தை என்ர செலவிலயே எடுத்துத் தந்திட்டியள். இனி அந்த அதிகாரியைப் பொய்யன் எண்டு சொல்லவும் ஏலாது. மனிசன் நேர்மையானவர்."

நஸ்ரின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். எட்டப் பிடித்தார். தலைகீழாகத் திருப்பினார்.

"அக்கா, கவிட்டுப் பிடிச்சாலும் மான் மான்தான்," என்றான் திலக்சன்.

"நேர்மையானவர்," என்று நஸ்ரின் மெல்லச் சொன்னார். "நேர்மையான சாட்சிதான் எங்களுக்குத் தேவை. தம்பி, ஊர் மான் எங்கெங்க நிக்கும்?"

"எங்க நிக்காது? பஸ் ஸ்ராண்ட், கோயில் வாசல், கோட்டை, சாப்பாட்டுக் கடைப் பின்பக்கம். போன கிழமை என்ர ஓட்டோவுக்குள்ள தலையை விட்டு வாழைப்பழத்தைப் பையோட திண்டது."

"புல்லுத் தரையில?"

திலக்சன் யோசித்தான். புல் தின்கிற மானை அவன் எப்போது பார்த்தான் என்று ஞாபகம் வரவில்லை. நஸ்ரின் அதற்குள் சசிகரனின் காதோரம் குனிந்துவிட்டார். நாலு வார்த்தைதான். ஆனால் வாங்கில் இருந்தவர் எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "நீதிமன்றக் கோப்பில கலர்ப் படம் இருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே பாய்ந்தார். திலக்சனுக்குக் கோபமான கோபம். காலையிலிருந்து வெயிலில் ஓட்டோ ஓட்டியது இவன், இரகசியம் கேட்பது கறுப்புக் கோட்டா?

விசாரணை தொடங்கியது. நீதிபதி நடுத்தர வயதுப் பெண்மணி, அண்மையில்தான் இடமாற்றம் பெற்று இந்த ஊருக்கு வந்தவர், சிரிக்கத் தெரியாதவர் என்று பெயர் எடுத்தவர். சசிகரன் எடுத்த எடுப்பிலேயே தன் கட்சிக்காரரைக் கூண்டில் ஏற்றி, கூட்டியது, ஒளித்தது, வெள்ளை விரித்தது, வடை வாங்கப்போனது எல்லாவற்றையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்தார். பின்வரிசையிலிருந்து, கூப்பிடாமலே வந்திருந்த அர்ஷாக் எழுந்து, "ஓம் அம்மா, அண்டைக்கு அந்தச் சந்தை என்ட வளவுக்குள்ளதான் இருந்திச்சு, சோடாப் பெட்டி இன்னும் திரும்பி வரல்ல," என்று கத்தி, அமரச் சொல்லி அதட்டு வாங்கினார்.

அரச தரப்புச் சட்டத்தரணி புன்னகைத்தார். "கட்டுக்கதை, கனம் நீதிபதி அவர்களே. அந்த நிலத்தில் வியாபாரம் நடந்ததற்கு அடையாளமாக ஒரு துரும்புகூடக் கிடையாது. படமே சாட்சி."

"நாங்களும் அந்தப் படத்தைத்தான் நம்பியிருக்கிறோம்," என்றார் சசிகரன். மதிப்பீட்டு அதிகாரி கூண்டில் ஏறினார். மெலிந்த மனிதர், கழுத்தெல்லாம் வியர்வை.

"நடுவில் நிற்கும் மானின் வாயில் நீளமாகத் தொங்குவது என்ன?"

"புல்லுங்க."

"உயரமான புல்லை மேய்கின்றன என்று எழுதியது இதைப் பார்த்துத்தானே?"

"ஆமாங்க. நான் தூரத்துல நின்னுதான் எடுத்தேன்."

"இது அதே படம், வர்ணத்தில், பெரிதாக்கியது. இப்போது பாருங்கள்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய முகத்தில் முதலில் சந்தேகம், பிறகு திகைப்பு. அதற்குப் பிறகு வந்தது, சொந்தக்காரரைப் பிறத்தியூரில் கண்ட சந்தோஷம் என்று திலக்சன் சத்தியம் செய்வான்.

"இது... லீக்ஸுங்க."



"நிச்சயமாகவா?"

"எங்கப்பா லீக்ஸ் தோட்டத்துக்கு நடுவுலதான் சார் நான் வளர்ந்தேன். பெரிய வெங்காயத்தாள் மாதிரி, அடி வெள்ளை, நுனி பச்சை. லீக்ஸேதான். அதுவும் நல்ல லீக்ஸ்."

"திருகோணமலைப் பற்றைக்குள் லீக்ஸ் தானாக முளைக்குமா?"

"இந்த வெயில்ல மனுசனே வாடிப்போறான் சார். எங்க ஊரு குளிருக்குத்தான் அது வரும். இங்க லொறியிலதான் வரணும்."

சிரிப்பு வெடித்தது. அரச தரப்புச் சட்டத்தரணி துள்ளி எழுந்தார். "ஆட்சேபணை! மானுக்குக் கால் இருக்கிறது. நகரச் சந்தையில் திருடிக்கொண்டு இந்தக் காணிக்கு வந்திருக்கலாம்!"

 அந்த ஆள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. திலக்சன் நஸ்ரினைப் பார்த்தான். அவரோ கச்சான் கொட்டை உரித்துக்கொண்டிருந்தார், நீதிமன்றத்துக்குள்!

"இன்னும் ஒரு கேள்வி," என்றார் சசிகரன். "நீங்கள் படம் எடுக்கும்போது மான்கள் ஓடவில்லையா?"

"இல்லீங்க. வந்ததுலேருந்து போறவரைக்கும் அப்படியே நின்னுச்சுங்க. நல்ல சாதுவான மான்னு நினைச்சேன்."

"எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, அரைவட்டமாக நிற்கின்றன. எதைப் பார்த்தன?"

"எதையும் இல்லைங்க. வெறும் தரை."

"அந்த வெறும் தரையில்தான் பரீனா என்ற பெண் ஒவ்வொரு நாளும் இருந்து மரக்கறி அரிகிறார். கழிவு இலை விழுவது அங்கேதான், விளக்குமாறுக்குத் தப்பிய லீக்ஸ் கிடந்ததும் அங்கேதான். அன்று அவரை எழுப்பிவிட்டார்கள். மான்களுக்கு அதை ஒருவரும் அறிவிக்கவில்லை, கனம் நீதிபதி அவர்களே. அவை கடை திறக்கும் என்று காத்துநின்றிருக்கின்றன. திருடிக்கொண்டு வந்த மான் ஒதுங்கித் தின்னும், வரிசையில் நிற்காது."

அப்போதுதான் திலக்சனுக்கு விளங்கியது. காலையிலிருந்து அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பகிடி விட்டானே, அதில் நின்றது முழுவதும் பரீனாவின் வாடிக்கையாளர்கள்!

நீதிபதி படத்தைக் கையில் எடுத்தார். உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "என்னுடைய உத்தியோக விடுதியில் குசினி வாசலில் காலையில் இப்படித்தான் நிற்கின்றன," என்றார். "வளவு முழுக்கப் புல் இருக்கிறது. ஒன்றும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை." மன்றம் முழுவதும் சிரிக்க, கூண்டிலிருந்த அதிகாரியும் சேர்ந்து சிரித்தார்.

மதிப்பீடு தள்ளுபடியானது. அதே அதிகாரி முன்னறிவித்தல் இல்லாமல் ஒரு நாள் போய், காணியை உள்ள கோலத்தில் பார்த்து, புதிதாக மதிப்பிட வேண்டும். அது முடியும்வரை மனுதாரர் அந்த வளவுக்குள் விளக்குமாறு எடுக்கக் கூடாது. இந்தக் கடைசி வரியை நீதிபதி முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

ஒரு காலை வெள்ளை ஜீப் வந்தது. வளவுக்குள் நுழைய ஏலாமல் வீதியிலேயே நின்றது. அதிகாரி இறங்கி, மூட்டை தூக்குகிறவர்களிடம் இரண்டு இடி வாங்கி, ஒரு கால் கருவாட்டுக் கூடைக்குள் போய், ஒருவாறு நடு வளவுக்கு வந்து சேர்ந்தார். பாக்கியரத்தினம் கதிரை எடுக்க ஓடப்போனார். திலக்சன் ஒரு கையையும், எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த அர்ஷாக் மறு கையையும் பிடித்துக்கொண்டார்கள்.  இன்று இந்த மனிதர் எழுதுவதில்தான் எல்லாம் இருக்கிறது என்று அங்கே அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். விற்கிறவர்களுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பது நஸ்ரினின் கட்டளை.

அதிகாரி பரீனாவின் கடைக்கு முன்னால் நின்று கமராவை உயர்த்தினார். இந்தப் பக்கம் சாய்ந்தார், அந்தப் பக்கம் சாய்ந்தார். அவருக்குப் பின்னால் பை தூக்கிய சனம் நெருக்கித் தள்ளியது. பரீனா தராசிலிருந்து தலையை நிமிர்த்தினாள். வந்திருப்பது யார் என்று அவளுக்கு என்ன கவலை?

"சேர், வாங்கிறதெண்டா வாங்குங்க. இல்லாட்டித் தள்ளி நில்லுங்க, யாவாரத்த மறைக்காதீங்க!"

அதிகாரி தள்ளி நின்றார். கமராவை இறக்கிவிட்டு, சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து, அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.